சீட்டுக்கட்டில் ஒரு மொழிப்பாடம்



தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருத்தி சீட்டாட்டத்தைப் பற்றி எழுதலாமா? இந்தக் கேள்வி உங்கள் மனத்தில் எழுவது இயல்பே. என் மனத்தில் அது உங்களுக்கு முன்பே எழுந்தது. பந்திங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். சம்பள நாள் மாலையில் லயங்களுக்குப் பின்னால் பாய் விரித்துச் சீட்டுப் போடுவார்கள். என் அப்பா சம்பள உறையோடு அங்கே போவார். பல மாதங்களில் உறை மட்டுமே வீட்டுக்குத் திரும்பி வரும். அந்த நாள் முதல் அம்மா எங்கள் வீட்டுக்குள் சீட்டுக்கட்டை நுழையவிட்டதில்லை. தீபாவளிக்கு வரும் உறவினர்கள்கூட வாசலிலேயே அதைப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த எனக்குப் பிரிட்ஜ் என்னும் ஆட்டத்தைக் கற்பித்தவர், ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் என்னோடு பயின்ற தோழியின் அம்மப்பா. பிரிக்பீல்ட்ஸில் வாழ்ந்த யாழ்ப்பாணக் குடும்பம் அது. இரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். விடுமுறை நாள்களில் தோழியோடு அவர் வீட்டுக்குச் செல்லும்போது, நால்வர் சேர்ந்தால் முந்நூற்று நாலு ஆடுவார்; இன்னும் சற்றுப் பொறுமை உள்ளவர்கள் சேர்ந்தால் பிரிட்ஜ். காசு என்னும் பேச்சே அங்கு இல்லை. ஆட்டம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் வாதம் மட்டும் நடக்கும்!

முந்நூற்று நாலு என்ற பெயரே ஒரு கணக்குப் பாடம். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் ஓர் இனத்துக்கு 76. நான்கு இனத்துக்கும் 304. அதிலும் ஏலம் உண்டு, எதிரே அமர்ந்த கூட்டாளி உண்டு. ஆனால், கூட்டாளியோடு பேசும் கலை உச்சத்தைத் தொடுவது பிரிட்ஜில்தான். நான் இன்று எழுத விரும்புவது அந்த ஆட்டத்தின் ஒரு பகுதியைப் பற்றி மட்டுமே: கையில் வலிய சீட்டுகள் வந்தால், அவற்றை உச்ச இலக்குவரை எப்படி ஏலம் கேட்டுக் கொண்டு செல்வது? ஆசிரியர்களும் பெற்றோர்களும் இதில் கற்க வேண்டியது நிறைய உண்டு என்பது என் கருத்து.

பதினைந்து சொற்கள் கொண்ட மொழி

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 52 சீட்டுகள், நான்கு பேர், ஆளுக்கு 13. எதிரெதிரே அமர்ந்திருப்பவர்கள் ஓர் இணை. நால்வரும் ஆளுக்கொரு சீட்டு இறக்க, உயர்ந்த சீட்டு வெல்வது ஒரு பிடி. ஆக, மொத்தம் 13 பிடிகள். ஆடத் தொடங்குமுன் ஏலம் நடக்கும். ‘எங்கள் இணை இத்தனை பிடிகள் எடுக்கும், இந்த இனம் துருப்பு’ என்று ஒவ்வோர் இணையும் மாறி மாறிக் கேட்கும். ஆறு பிடிகளுக்கு மேல் எத்தனை என்பதே எண். ‘4 இஸ்பேட்’ என்றால் இஸ்பேட் துருப்பாக 10 பிடிகள் எடுப்போம் என்று பொருள்.

இந்த ஏலத்தில் பயன்படுத்தத் தகுந்த சொற்கள் மொத்தம் எத்தனை தெரியுமா? 1 முதல் 7 வரை ஏழு எண்கள். கிளாவர், டைமண்ட், ஆட்டின், இஸ்பேட், துருப்பில்லாத ஆட்டமான நோ டிரம்ப் என ஐந்து. பாஸ், டபுள், ரீடபுள் என மூன்று. ஆகப் பதினைந்தே சொற்கள்! இப்பதினைந்து சொற்களை வைத்துக்கொண்டு, ஒருவருக்கு வரக்கூடிய 63,501 கோடிக்கும் மேற்பட்ட சீட்டுச் சேர்க்கைகளை வருணித்தாக வேண்டும். மொழி கற்பிக்கும் எனக்கு இதைக் கேட்டபோது ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.

குரலை உயர்த்தக்கூடாது. முகம் சுளிக்கக்கூடாது. வேண்டுமென்றே தயங்கிக் காட்டக்கூடாது. கூட்டாளியின் தயக்கத்திலிருந்து அவர் மனத்தை அறிந்துகொண்டு அதன்படி ஆடுவதும் விதிக்குப் புறம்பானது. சொல்லுக்கு மட்டுமே அங்கு மதிப்பு. இதனால்தான் போட்டிகளில் வாயால் கேட்பதையும் விட்டு, அச்சடித்த அட்டைகளை எடுத்து மேசைமேல் வைக்கும் வழக்கம் வந்தது.

சொன்னால்தான் உண்டு

12 பிடிகள் எடுப்பதைச் சிறு ஸ்லாம் என்பார்கள். 13 பிடிகளையும் எடுப்பது பெரு ஸ்லாம். பழைய ஏல பிரிட்ஜில், குறைவாகக் கேட்டுவிட்டு ஆடும்போது 12 பிடிகள் வந்துவிட்டாலும் அதற்குரிய பரிசுப்புள்ளி கிடைத்துவிடும். 1925ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஹாரல்ட் வாண்டர்பில்ட் ஒரு கப்பல் பயணத்தின்போது இன்றைய ஒப்பந்த பிரிட்ஜின் புள்ளி முறையை வகுத்தார். அதில் ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு. ஸ்லாமுக்கான பரிசு வேண்டுமானால், அதை முன்கூட்டியே ஏலத்தில் கேட்டிருக்க வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது. எடுப்போம் என்று துணிந்து சொல்லியிருக்கவும் வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். சாதாரண நிலையில் ‘4 இஸ்பேட்’ கேட்டு 12 பிடிகள் எடுத்தால் 480 புள்ளிகள். அதே சீட்டுகளில் ‘6 இஸ்பேட்’ கேட்டு அதே 12 பிடிகளை எடுத்தால் 980. உழைப்பு ஒன்றே, சொல்லாததற்கு விலை 500 புள்ளிகள்!

அப்படியானால் எல்லாவற்றுக்கும் ‘6’ கேட்டுவிடலாமே? அதுவும் ஆகாது. 11 பிடிகளோடு நின்றுவிட்டால், ‘4’ கேட்டவருக்கு 450 கிடைக்கும். ‘6’ கேட்டவருக்கு 50 நட்டம். வித்தியாசம் மறுபடியும் 500. ஆக, சிறு ஸ்லாம் வெற்றிபெறப் பாதிக்கு மேல் வாய்ப்பு இருந்தால் கேட்க வேண்டும். இல்லையேல் நிறுத்த வேண்டும். பெரு ஸ்லாமில் கணக்கு இன்னும் கடுமை. வென்றால் கூடுதலாக 500. ஒரு பிடி குறைந்தால் 1030 புள்ளிகள் கைவிட்டுப் போகும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உறுதி இருந்தாலன்றி அந்தப் பக்கம் போகாதே என்பார் தோழியின் அம்மப்பா. துணிவுக்கும் பேராசைக்கும் நடுவே இப்படி ஓர் எல்லைக்கோட்டை எண்களால் போட்டுக் காட்டும் ஆட்டம் வேறு எது?

புள்ளியா, இடமா?

சீட்டுகளின் வலிமையை அளக்க ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 எனப் புள்ளி போடுவார்கள். கட்டு முழுவதும் சேர்ந்து 40. இணையின் இரு கைகளிலும் சேர்த்து ஏறத்தாழ 33 இருந்தால் சிறு ஸ்லாம், 37 இருந்தால் பெரு ஸ்லாம் என்பது பொதுவான வழிகாட்டி. ஆனால், வழிகாட்டி வேறு, வழி வேறு. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

என் கையில் இருப்பவை:
இஸ்பேட்: ஏஸ், ராஜா, ராணி, 10, 6
ஆட்டின்: ராஜா, ராணி, ஜாக்கி, 4
டைமண்ட்: ஏஸ்
கிளாவர்: ராஜா, ராணி, 3

மொத்தம் 24 புள்ளிகள். பொறாமைப்பட வைக்கும் கை! எதிரே அமர்ந்திருக்கும் கூட்டாளிக்கோ இவ்வளவுதான்:
இஸ்பேட்: ஜாக்கி, 8, 7, 2
ஆட்டின்: ஏஸ், 6
டைமண்ட்: 9, 7, 5, 3
கிளாவர்: ஜாக்கி, 8, 4

வெறும் 6 புள்ளிகள். இரண்டும் சேர்ந்து 30. வழிகாட்டி சொன்ன 33 இல்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள்: இஸ்பேடில் 5, ஆட்டினில் 4, டைமண்டில் 1, கிளாவரில் 2. ஆகப் பன்னிரண்டு பிடிகள்! இழப்பது கிளாவர் ஏஸ் ஒன்றைத்தான்.

இப்போது கூட்டாளியின் ஆட்டின் ஏஸை எடுத்துவிட்டு அங்கே ஒரு சின்ன ஆட்டின் சீட்டை வையுங்கள். அதற்கு ஈடாக, டைமண்டின் சின்னச் சீட்டுகள் இரண்டை எடுத்துவிட்டு டைமண்ட் ராஜாவையும் ராணியையும் கொடுங்கள். அவர் புள்ளி 6இலிருந்து 7ஆக உயர்கிறது. நம் மொத்தம் 31. ஆனால் ஆட்டின் ஏஸும் கிளாவர் ஏஸும் எதிரிகளிடம் இருப்பதால் இரண்டு பிடிகள் போய்விடும். ஸ்லாம் தோற்கும். புள்ளி கூடியது, பிடி குறைந்தது! எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே முதன்மையானது. மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்துப் பிள்ளையின் தரத்தை முடிவு செய்வோர் இந்த இரண்டு கைகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்க்க வேண்டும்.

வலியவர் கேட்க வேண்டும்

கூட்டாளியின் கையில் இருப்பது ஆட்டின் ஏஸா, டைமண்ட் ராஜாவும் ராணியுமா என்பது எனக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் ஏலம். பலர் கைக்கொள்ளும் முறைப்படி உரையாடல் இவ்வாறு நடக்கும்:

1. நான் ‘2 கிளாவர்’ என்கிறேன். கிளாவர் இருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. ‘என் கை மிக வலியது, நிறுத்திவிடாதே’ என்னும் அறிவிப்பு.
2. கூட்டாளி ‘2 டைமண்ட்’ என்கிறார். ‘கேட்டேன், மேலே சொல்லுங்கள்’ என்று பொருள்.
3. நான் ‘2 இஸ்பேட்’. இதுவே என் உண்மையான இனம்.
4. அவர் ‘3 இஸ்பேட்’. ‘எனக்கும் அந்த இனம் பொருந்துகிறது, பயனுள்ள சீட்டும் உண்டு.’
5. நான் ‘4 நோ டிரம்ப்’. இது ஒரு கேள்வி: ‘உங்களிடம் எத்தனை ஏஸ்?’
6. அவர் ‘5 டைமண்ட்’. ‘ஒன்று.’
7. நான் ‘6 இஸ்பேட்’. அனைவரும் பாஸ்.

ஐந்தாவது படியில் உள்ள கேள்விக்குப் பிளாக்வுட் என்று பெயர். ஈஸ்லி பிளாக்வுட் என்னும் அமெரிக்கர் 1933இல் வகுத்தது. ‘5 கிளாவர்’ என்றால் ஏஸ் எதுவும் இல்லை, அல்லது நான்கும் உண்டு. ‘5 டைமண்ட்’ ஒன்று. ‘5 ஆட்டின்’ இரண்டு. ‘5 இஸ்பேட்’ மூன்று. கூட்டாளி ‘5 கிளாவர்’ என்று சொல்லியிருந்தால் இரண்டு ஏஸ்கள் எதிரிகளிடம் இருப்பதை அறிந்து, ‘5 இஸ்பேட்’ என்று கேட்டு அத்தோடு நிறுத்தியிருப்பேன். 11 பிடிகள் கிடைத்திருக்கும், இழுக்கில்லை.

இக்கேள்வியை எல்லா நேரத்திலும் கேட்டுவிட முடியாது. ஓர் இனத்தில் நம்மிடம் இரண்டு சின்னச் சீட்டுகள் மட்டுமே இருந்தால், ‘ஒன்று’ என்ற பதில் நமக்குப் பயன்படாது. எந்த ஏஸ் என்று தெரியாதல்லவா? அப்போது எண்ணிக்கையைக் கேட்காமல், எந்தெந்த இனத்தில் யாருக்குப் பிடிமானம் உள்ளது என்பதை ஒவ்வோர் இனமாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். கேள்வி கேட்பதற்குமுன் பதில் நமக்கு உதவுமா என்று எண்ணிப் பார்! வகுப்பறையில் நாம் தொடுக்கும் கேள்விகளுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கேள்வி கேட்பவர் 24 புள்ளிகள் உள்ளவர். பதில் சொல்பவர் 6 புள்ளிகள் உள்ளவர். வலியவர் கேட்கிறார், எளியவர் தம்மிடம் உள்ள ஒன்றைச் சொல்கிறார். அந்த ஒன்று தெரியாமல் வலியவரால் ஓரடிகூட மேலே வைக்க முடியாது. “பிள்ளை, உன்ர தாளையே பார்த்துக்கொண்டிருந்தால் போதுமோ? முன்னுக்கு இருக்கிறவரிட்டையும் பதின்மூன்று தாள் இருக்கெல்லோ!” என்று அம்மப்பா சொல்வது இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

வள்ளுவப் பெருந்தகை வலியறிதல் என்னும் 48ஆம் அதிகாரத்தின் முதற்குறளில் எடுத்த செயலின் கடுமை, நம் ஆற்றல், எதிர்ப்பவர் ஆற்றல், துணைநிற்போர் ஆற்றல் ஆகிய நான்கையும் சீர்தூக்கச் சொல்கிறார். முதல் மூன்றை நாம் ஓரளவு பார்க்கிறோம். நான்காவதைக் கேட்டறிவதற்குத்தான் நமக்கு மனம் வருவதில்லை.

இது சூதாகாதா?

சூதைக் கடிவதற்கென்றே ஓர் அதிகாரம் வைத்தவரும் அதே வள்ளுவர்தான். எனவே இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. பணம் வைத்து ஆடினால் எந்த ஆட்டமும் சூதே, பிரிட்ஜும் விலக்கல்ல. ஆனால், போட்டி பிரிட்ஜில் சீட்டு வாய்த்த நல்லூழுக்கு இடமில்லாதபடி ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு மேசையில் ஆடிய அதே சீட்டுகள் பிரித்தது பிரித்தபடியே அடுத்த மேசைக்குச் செல்லும். எனக்கு வந்த வலிய கை, அங்கே என் இடத்தில் அமர்ந்தவருக்கும் வரும். அவர் அதை வைத்து என்ன செய்தார், நான் என்ன செய்தேன் என்பதே ஒப்பிடப்படும். நல்ல சீட்டு வந்தது என்று பெருமை பேசவும் முடியாது. மோசமான சீட்டு என்று நொந்துகொள்ளவும் முடியாது.

1967இல் இந்திய உச்ச நீதிமன்றம் ரம்மி பெரிதும் திறன் சார்ந்த ஆட்டமே என்று தீர்ப்பளித்தபோது, அதில் உள்ள வாய்ப்பின் பங்கு பிரிட்ஜில் சீட்டுப் பிரிப்பதில் உள்ளதைப் போன்றதே என்று எடுத்துக்காட்டியது. 2005இல் பில் கேட்ஸும் வாரன் பஃபெட்டும் அமெரிக்கப் பள்ளிகளில் பிரிட்ஜ் கற்பிக்கப் பத்து இலட்சம் டாலர் ஒதுக்கினார்கள். 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதன்முறையாக இடம்பெற்றது. அதில் ஆடவர் இணைப் பிரிவில் தங்கம் வென்றவர்கள் இந்தியாவின் பிரணாப் பர்தன், சிப்நாத் சர்க்கார். அப்போது அவர்களின் வயது 60, 56. ஓடவும் தாண்டவும் இயலாத வயதில் கழுத்தில் தங்கம்! பல ஆண்டுகள் எதிரெதிரே அமர்ந்து ஒருவர் சொல்லை ஒருவர் புரிந்துகொண்டதற்குக் கிடைத்த பரிசு அது.

இவற்றையெல்லாம் அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். அவர் எதற்கும் மசியவில்லை. ஒருநாள் நானும் கணவரும் நண்பர்கள் இருவரும் ஆடுவதைத் தள்ளி நின்று நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இதில் தோற்றவன் வீட்டில் மறுநாள் அடுப்பு எரியுமா?” எரியும் அம்மா என்றேன். வேறொன்றும் சொல்லாமல் உள்ளே போய் நால்வருக்கும் தேநீர் கலந்துகொண்டு வந்தார். சீட்டாட்டத்தைக் குறித்து அம்மாவின் கேள்வியைவிடத் தெளிவான அளவுகோலை நான் எந்த நூலிலும் கண்டதில்லை.

பள்ளிக்கூடத்தில்...

என் அம்மாவைப் போன்ற தாய்மார்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்கள் பட்ட துன்பம் உண்மையானது. அதை மதிக்க வேண்டும். ஆகவே, பள்ளிக்குள் நான் சீட்டுக்கட்டைக் கொண்டு செல்வதில்லை. மணிலா அட்டையை வெட்டி, நான்கு வண்ணங்களில் 1 முதல் 13 வரை எண்கள் எழுதிக்கொண்டோம். பெற்றோரிடம் எழுத்து மூலம் இசைவு பெற்ற ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு மட்டும், வாரம் ஒருமுறை, புறப்பாட வேளையில் நடத்துகிறோம். தொடக்கத்தில் ஏலம் கிடையாது. மினி பிரிட்ஜ் என்னும் எளிய முறையில் ஒவ்வொருவரும் தம் புள்ளியை வாய்விட்டுச் சொல்வார்கள். கூடுதல் புள்ளி உள்ள இணை இலக்கைத் தீர்மானித்து ஆடும். மாணவர்கள் முதலில் கற்றுக்கொள்வது கூட்டலும் கழித்தலும் அல்ல. தோற்றபோது எதிரே இருப்பவன்மேல் பழி போடாதிருப்பது!

இதைவிட எனக்குப் பெரும் பயன் தந்தது வேறொன்று. பெற்றோர் சந்திப்பு நாளில் நானே பேசிக்கொண்டிருப்பதைக் குறைத்துக்கொண்டு, ‘4 நோ டிரம்ப்’ கேட்கக் கற்றுக்கொண்டேன். “உங்கள் பிள்ளை வீட்டில் எதை நன்றாகச் செய்கிறான்?” இவ்வளவுதான் கேள்வி. பெரும்பாலான பெற்றோர் திகைத்துப் போகிறார்கள். குறை கேட்டே பழகிய காதுகள் அல்லவா!

கணிதத்தில் அடைவுநிலை 2இல் இருந்த மாணவன் ஒருவனின் தாயார், மாலையில் சாலையோரம் பிசாங் கோரெங் விற்பவர். நெடுநேரம் யோசித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “கடையில மீதிக் காசு கொடுக்கிறது, எண்ணெய் மாவுக்குக் கணக்கு வைக்கிறது எல்லாம் அவன்தான் டீச்சர். எனக்கு அவ்வளவா கணக்கு வராது.” ‘5 டைமண்ட்’! ஓர் ஏஸ் இருக்கிறது. அதுவும் எனக்குத் தேவையான இனத்தில்! அடுத்த வாரம் முதல் அவனுக்குரிய கணக்குகளை வெள்ளியும் காசுமாக மாற்றி எழுதினேன். சரக்கு விலை, விற்ற விலை, மீதம், இலாபம். ஆண்டு முடிவில் அவன் அடைவுநிலை 4ஐத் தொட்டான். பெரு ஸ்லாம் அல்லதான். ஆனால், அந்தக் கைக்கு உரிய இலக்கை நாங்கள் மூவரும் சேர்ந்து சரியாகக் கேட்டோம் என்னும் நிறைவு எனக்கு உண்டு.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் கையில் நல்ல சீட்டுகள் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஏற்பதில்லை. இருமொழி மும்மொழிச் சூழலில் வளர்வதே எத்தனை புள்ளி பெறும்! ‘இவனுக்கு இது போதும்’ என்று பெற்றோர் ஒரு பக்கமும், ‘இந்தக் குடும்பத்தில் இவ்வளவுதான்’ என்று பள்ளி மறுபக்கமும் ‘4 இஸ்பேட்’டோடு பாஸ் சொல்லிவிடுவதால்தான் பன்னிரண்டு பிடிகள் எடுக்கத்தக்க கைகளுக்கும் பத்துப் பிடிகளின் விலையே கிடைக்கிறது. அதே வேளையில், கேட்டறியாமல் ஏழுக்குத் தாவி, பிள்ளையின்மேல் நம் கனவை ஏற்றி, ஒரு பிடி குறைந்ததும் அவனை ஏசுவதும் தவறே.

அன்பான பெற்றோர்களே, அடுத்த சந்திப்பு நாளில் ஆசிரியர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே அந்த ஒன்றைச் சொல்லுங்கள். சிறியது என்று எண்ணி மறைக்க வேண்டாம். எதிரே அமர்ந்திருப்பவருக்கு உங்கள் கையிலுள்ள சீட்டு தெரியாது.